ஒரு பைசாவும் ஒரு பாலமும்

கல்கத்தா நகர மக்களைப் போலக் கோபப்படத் தெரிந்தவர்கள் இந்நாட்டில் வேறெங்கும் இல்லை என்பது என் இளமைக் காலத்தில் ஊரறிந்த செய்தி. அதற்குச் சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1953ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடந்த ட்ராம் கட்டணப் போராட்டத்தை. நாடு விடுதலை அடைந்து ஆறாண்டுகள் ஆகியும், அந்நாளில் ட்ராம் வண்டிகளை ஓட்டிவந்தது இலண்டனில் பதிவு பெற்ற ஓர் ஆங்கில நிறுவனந்தான். இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்துவதாக அது அறிவித்தது. அரசும் இசைவு தந்தது. ரூபாய்க்கு 64 பைசா என்ற பழைய கணக்கில் ஒரு பைசா. எப்படிப் பார்த்தாலும் சின்னஞ்சிறு காசு. அந்தக் காசுக்காக நகரமே தெருவில் இறங்கிற்று. பயணிகள் வண்டியில் ஏறிப் பழைய கட்டணத்தையே நீட்டினார்கள். வேலைநிறுத்தம், தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு, எரிந்த வண்டிகள் என்று அம்மாதம் கழிந்தது. செய்தி சேகரிக்கப் போன பத்திரிகையாளர்களும் மைதானத்தில் அடிபட்டார்கள். இறுதியில் கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது.

நான் 1974ஆம் ஆண்டில் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தேன். டல்ஹௌசிச் சதுக்கத்தில் எனக்கு வாய்த்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர், அப்போராட்டத்தில் மாணவராக இருந்து மண்டையில் அடி வாங்கியவர். பொடோபாபு என்று நாங்கள் அவரை அழைப்போம். மாலையில் மின்சாரம் போய், மெழுகுவத்தி ஏற்றப்பட்டதும் (அந்நாளில் மின்சாரம் போகாத மாலையே இல்லை) தம் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே கதை சொல்லத் தொடங்குவார். "ஒரு பைசாவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று ஒருநாள் கேட்டேன். "பைசாவுக்காக யார் அடிபடுவார்கள்? எங்களைக் கேட்காமல் எடுத்தார்களே, அதற்காக" என்றார்.

அவரே இன்னொன்றையும் சொல்லிச் சிரிப்பார். ஹூக்ளி நதியின் மீது கட்டப்படவிருந்த இரண்டாவது பாலத்தைப் பற்றிய பேச்சு அது. "உமக்கென்ன ஐயா, சிப்பூரில் குடியிருக்கிறீர். பாலம் வந்துவிட்டால் பத்து நிமிடத்தில் அலுவலகம் வந்துவிடலாம். உம் பேரன் நிச்சயம் வருவான்" என்பார். அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒரு பைசாவுக்காக மண்டை உடைபட்ட மனிதர், கோடிக்கணக்கில் பணம் நதியோரம் உறங்கிக் கிடப்பதைக் கண்டு ஏன் சிரிக்கிறார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில்தான் அந்தச் சிரிப்பு என்னை உறுத்தத் தொடங்கிற்று.

அப்பாலத்திற்குப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் அடிக்கல் நாட்டியது 1972 மே 20. கட்டுமான வேலை தொடங்கியது 1979 ஜூலை 3. கல்லுக்கும் வேலைக்கும் இடையே ஏழு ஆண்டுகள். வண்டிகள் ஓடத் தொடங்கியது 1992 அக்டோபர் 10. ஆக, கல் நாட்டிய நாளிலிருந்து இருபதாண்டுகளும் சில மாதங்களும். அதற்குள் ஏழு பேர் இந்நாட்டின் பிரதமர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார்கள். மாநிலத்தில் சித்தார்த்த சங்கர் ராயின் காங்கிரஸ் ஆட்சி போய், ஜோதி பாசுவின் இடதுசாரி ஆட்சி வந்து வேரூன்றிவிட்டது. இந்தக் கட்சியா, அந்தக் கட்சியா என்று பழியைப் பிரித்துக் கொடுக்க இயலாதபடி எல்லாரும் சேர்ந்து தாமதித்த பாலம் அது.

சிப்பூரில் எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பாலத்தின் மேற்குக் கரை எங்கள் பக்கந்தான் வந்து இறங்கப் போகிறது என்ற செய்தி வந்த நாளிலேயே, வீட்டின் முன்புறத்தில் பத்தடி நிலத்தைக் காலியாக விட்டு, பாலம் வந்ததும் அங்கே ஒரு புத்தகக் கடை வைப்பது என்று முடிவு செய்தவர். அந்தப் பத்தடியில் முதலில் செம்பருத்தி வளர்ந்தது. பிறகு அவர் மகளின் மிதிவண்டி நின்றது. பிறகு அவளுடைய திருமணப் பந்தலின் கால் நடப்பட்டது. "பாலம் வந்ததும்" என்பது அவ்வீட்டில் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. குழந்தை பொம்மை கேட்டால், பாலம் வந்ததும். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றால், பாலம் வந்ததும். கடன் வாங்கியவர் எப்போது திருப்பித் தருவார் என்று கேட்டால், அதற்கும் அதுவே விடை. என் மனைவியும் அச்சொல்லைக் கற்றுக்கொண்டு, ஊருக்குப் போவதைப் பற்றி நான் ஏதேனும் சொல்லும்போதெல்லாம் என் மீதே எய்தாள்.

ஆசிரியர் 1989ஆம் ஆண்டில் காலமானார். அப்போது நதியின் இரு மருங்கிலும் கோபுரங்கள் எழுந்துவிட்டிருந்தன. பாலம் திறந்த பின் தாய்வீடு வந்திருந்த அவர் மகளிடம், "போய்ப் பார்த்து வருவோமா, அம்மா?" என்று கேட்டேன். "இன்னும் ஒரு மாதம் போகட்டும், தாதா. அப்பா இருந்திருந்தால், மூடிவிடவில்லை என்று உறுதியான பிறகுதான் ஏறியிருப்பார்" என்றாள். அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எதிரே கண்ணுக்குத் தெரிகிற பாலத்தை, 823 மீட்டர் நீளமுள்ள இரும்பையும் கற்காரையையும், நம்ப அவளுக்கு ஒரு மாதத் தவணை வேண்டியிருந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கம்பிவடங்களால் தாங்கப்பெறும் இத்தனை நீளமான பாலம் அதற்கு முன் நம் நாட்டில் கட்டப்பட்டதில்லை. பொறியாளர்களும் தொழிலாளர்களும் செய்தது அரிய வேலை. மாலை வெயிலில் பிரின்செப் துறையில் நின்று பார்ப்பவர் எவரும் அதன் அழகை மறுக்க மாட்டார். வித்தியாசாகரின் பெயரும் அதற்குப் பொருந்துகிறது. அதற்கு ஆன செலவு 388 கோடி ரூபாய் என்பர். இதில் பாலத்தின் விலை எவ்வளவு, தாமதத்தின் விலை எவ்வளவு என்பதுதான் எனக்கு விளங்காத கணக்கு.

தாமதம் பணத்தைத் தின்னும் முறை விந்தையானது. அதில் திருடன் இல்லை. எஃகின் விலை ஏறுகிறது. சிமெண்டின் விலை ஏறுகிறது. வேலை நடந்தாலும் நடவாவிட்டாலும் அலுவலகத்திற்கு வாடகையும் ஊழியர்க்குச் சம்பளமும் போகின்றன. வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. மழையில் கிடந்த தளவாடம் துருப்பிடிக்கிறது. ஆண்டு முடிவில் ஒரு கோப்பில் "திருத்திய மதிப்பீடு" என்று எழுதி, பழைய தொகையை அடித்துப் புதிய தொகையைப் போடுகிறார்கள். திருத்தம் என்ற நல்ல தமிழ்ச் சொல்லுக்கு இப்படியொரு கதி நேர்ந்ததை எண்ணி வருந்தியிருக்கிறேன். ஆசிரியர் மாணவனின் பிழையைத் திருத்துவார். உழவன் கழனியைத் திருத்துவான். இங்கோ, எவரும் எதையும் திருத்தாமலேயே தொகை மட்டும் திருந்திக்கொண்டே போகிறது. 1953இல் கையிலிருந்து பைசா போனது, அது பயணிக்குத் தெரிந்தது. திருத்திய மதிப்பீட்டில் போகும் கோடி எவர் கையிலிருந்தும் போவதாகத் தெரிவதில்லை.

இவ்விடத்தில் நம் பெரியவர்கள் சிலர், "வெள்ளைக்காரன் காலமாயிருந்தால்…" என்று தொடங்குவர். சுட்டுவிரல் தானாகவே ஹௌரா பாலத்தை நோக்கி நீளும். உண்மைதான். 1936ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய வேலை, உலகப் போரின் நடுவிலும் நிற்காமல் நடந்து, 1943 பிப்ரவரி 3 அன்று போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிய விமானங்களுக்கு அஞ்சித் திறப்பு விழாவே நடத்தவில்லை. 26,500 டன் எஃகில் 23,000 டன்னைத் தந்தது டாட்டாவின் உருக்காலை. விழா இல்லை, மாலை இல்லை, சொற்பொழிவு இல்லை. முதலில் ஒரு ட்ராம் வண்டி தன்னந்தனியே கடந்து சென்றது என்பர்.

ஆயின் அதே 1943ஆம் ஆண்டில்தான் வங்கப் பஞ்சம் வந்தது. ஜப்பானியர் கைக்குப் போய்விடும் என்று சொல்லி, பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைக் கடலோர மாவட்டங்களில் அரசே பறிமுதல் செய்திருந்தது. மீனவன் கடலுக்குப் போக இயலவில்லை; நெல் ஆற்றைக் கடக்க இயலவில்லை. விலை ஏறியது. ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மாண்டார்கள் என்று பல ஆய்வாளர் கணிக்கின்றனர். கஞ்சித் தண்ணீர் கேட்டு நகரத் தெருக்களில் எலும்புருவங்கள் ஊர்ந்தன. புத்தம்புதுப் பாலத்தின் வழியாகவும் அவர்கள் வந்திருப்பார்கள். குறித்த காலத்தில் பாலம் கட்டத் தெரிந்த அரசு குடிகளைச் சாகவிட்டது. ஆகவே விரைவு ஒன்றையே வைத்து ஆட்சியை அளக்கும் அன்பர்களோடு நான் உடன்படுவதில்லை. அந்த அரசுக்குக் கணக்குக் கேட்க இம்மக்களுக்கு உரிமை இல்லை. நமக்கு உரிமை இருந்தது, வாக்குச் சீட்டும் இருந்தது. அப்படியிருந்தும் நாம் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதே என் குறை.

பாதாள இரயிலின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1972 டிசம்பர் 29 அன்று அடிக்கல். 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான முதல் ஓட்டம். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் இணைந்தது 1995இல். 140 கோடியில் முடியுமென்றது ஆயிரத்தைந்நூறு கோடியைத் தாண்டிற்று. இந்தியாவின் முதல் பாதாள இரயில் என்ற பெருமையில் அதை மன்னித்துவிட்டோம். சௌரங்கியில் குழிகளைச் சுற்றி நடந்தே ஒரு தலைமுறை முதிர்ந்தது.

வங்காளியின் சோம்பல் என்று இதற்கு ஒரு காரணம் சொல்லப்படுவதுண்டு, குறிப்பாக நம் தமிழ்க் கூட்டங்களில். அப்படிச் சொல்பவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சென்று கூவம் ஆற்றைக் காட்ட வேண்டும். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை உயர்நிலைச் சாலை அமைக்க 2009 ஜனவரியில் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஆட்சி மாறியது, 2012இல் வேலை நிறுத்தப்பட்டது. ஆற்றின் ஓரத்தில் மேலே ஏதும் இல்லாமல் தூண்கள் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2022 மே மாதத்தில் இன்னொரு பிரதமர் வந்து அதே சாலைக்கு மற்றுமொரு அடிக்கல் நாட்டினார். இம்முறை மதிப்பீடு 5,800 கோடிக்கு மேல். முதல் தொகையைப் போல் மும்மடங்கிற்கும் அதிகம். இடையில் நின்ற தூண்களுக்கு எவரும் பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லும் வழக்கம் நம்மிடம் முற்றிலும் இல்லாமலிருந்ததா என்றால், அப்படியும் இல்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். குடவோலை முறையைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறோம். அதிலுள்ள ஒரு விதியை மட்டும் விட்டுவிடுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் பெயர் மறுபடி குடத்தில் இடப்படாது. அவன் பெயர் மட்டுமா? அவனுடைய நெருங்கிய உறவினர், தாய்வழியும் தந்தைவழியும், முறையாக எண்ணிச் சொல்லப்பட்டு, அவர்கள் பெயரும் குடத்தில் இடப்படாது. உறவினரை ஏன் சேர்த்தார்கள் என்பது அரசியல் அறிந்தவர்க்கு விளங்கும். அந்தச் சபை நிலமும் கல்வியும் உடைய அந்தணர்களுக்கே உரியதாயிருந்தது. உழுதவனுக்கு அங்கே இடமில்லை. அதை மறைத்துப் பழம்பெருமை பேச எனக்கு மனமில்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவன் கள்வனா அல்லனா என்று அவர்கள் ஆராயவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கு வரவில்லை, அவ்வளவுதான், அவனுக்கு இடமில்லை. இருபதாண்டுத் தாமதத்தில் திருடனைத் தேடித் தேடி நாம் களைத்துப்போகிறோமே, அந்த வேலையே அவர்களுக்கு இருக்கவில்லை.

கணக்குக் கேளாமல் சிரித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்நகரம் 2016 மார்ச் 31 அன்று கண்டது. படாபஜாரை அடுத்த விவேகானந்தர் சாலையில் மேம்பாலம் கட்ட 2009ஆம் ஆண்டில் ஒப்பந்தம் தரப்பட்டது. இடதுசாரி ஆட்சியில் தொடங்கிற்று; திரிணமூல் ஆட்சியில் தொடர்ந்தது. முடிப்பதாகச் சொன்ன தவணைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. அப்பகுதி மக்கள் அதைக் கூரையாகவே பாவித்து, அதன் நிழலில் ரிக்‌ஷா நிறுத்தி, பழம் விற்று, தேநீர் அருந்திக் கொண்டிருந்தார்கள். அன்று நண்பகல், கணேஷ் டாக்கீஸ் சந்திப்பின் அருகே அது அவர்கள் மீதே விழுந்தது. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசின் பொறிகள் வந்து சேரும் முன் அக்கம்பக்கத்தார் வெறுங்கையால் கற்காரையைப் பெயர்த்தார்கள். ஒப்பந்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் இது இறைவன் செயல் என்றார். தேர்தல் நேரம், ஆகவே ஆண்டவர்கள் முன்னாள் ஆண்டவர்களைச் சுட்டினார்கள், அவர்கள் இவர்களைச் சுட்டினார்கள். அந்த வாரம் நான் கண்ட மனிதர் பலர். எவர் முகத்திலும் வியப்பு இல்லை. துயரம் இருந்தது, கண்ணீர் இருந்தது. இப்படியும் நடக்குமா என்ற கேள்வி மட்டும் இல்லை. பொடோபாபுவின் சிரிப்பு போய்ச் சேர்ந்த இடம் இதுதானோ என்று எண்ணினேன். சினம் கொள்பவன் தனக்கு நியாயம் கிடைக்கும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்புகிறான். 1953இல் மண்டை உடைபட்ட மாணவனுக்கு அந்த நம்பிக்கை இருந்தது.

இதை எழுதும்போது, அண்மையில் தெருவில் அமர்ந்த ஆசிரியர்களின் நினைவும் வருகிறது. 2016ஆம் ஆண்டுத் தேர்வின் வழியாக அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். அந்த நியமனங்களில் பணம் விளையாடியது என்ற வழக்கில் 2022 ஜூலையில், டாலிகஞ்சிலும் பெல்காரியாவிலும் இருந்த இரு குடியிருப்புகளிலிருந்து ஏறத்தாழ 50 கோடி ரூபாய் ரொக்கமாக எடுக்கப்பட்டது. எண்ணுவதற்கு இயந்திரம் கொண்டுவந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. தாமதம் தின்னும் பணத்தைப் போலன்றி, இதற்கு உருவமும் நிறமும் இருந்தன. பின்னர் 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் 25,753 நியமனங்களையும் மொத்தமாக ரத்து செய்த தீர்ப்பை உறுதிப்படுத்தியது. விடைத்தாள்களே அழிக்கப்பட்டுவிட்டன; படித்துத் தேறியவரையும் பணம் கொடுத்து நுழைந்தவரையும் பிரித்தறிய வழியில்லாதபடி தேர்வு முழுவதும் கறைபட்டுவிட்டது என்பதே காரணம். உழைத்துத் தேறியவனும் வேலை இழந்தான். கறை படாதவர்களைச் சில மாதங்கள் பணியில் இருக்க நீதிமன்றம் பின்னர் அனுமதித்தது. பல்லாண்டு பாடம் நடத்தியவர்கள் செப்டம்பரில் தம் மாணவர் வயதினரோடு அமர்ந்து மறுபடி தேர்வெழுதினார்கள்.

அவர்கள் சாலையில் அமர்ந்து குரல் கொடுத்ததைப் போக்குவரத்து இடையூறு என்று பலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ அதைக் கண்டபோது ஓர் ஆறுதலே பிறந்தது. இத்தனைக்குப் பிறகும் இங்கே கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சிப்பூரைப் பற்றி ஒரு சிறு செய்தியைச் சொல்ல மறந்தேன். 2013 அக்டோபரில் மாநிலத் தலைமைச் செயலகமே எங்கள் பகுதிக்கு வந்துவிட்டது. ரைட்டர்ஸ் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வரை தற்காலிகமாக என்று சொல்லி, பாலத்தின் அடிவாரத்தில் உள்ள நபன்னா என்ற கட்டடத்திற்கு மாற்றினார்கள். பத்தாண்டு கழிந்த பின்னும் பழுதுபார்ப்பு முடிந்தபாடில்லை. ஆசிரியர் இருந்திருந்தால் புத்தகக் கடைக்கு வாடிக்கையாளர் வந்துவிட்டார்கள் என்றிருப்பார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டில் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் அரசிடம் கணக்குக் கேட்கலாம். சென்ற ஆண்டு நானும் கேட்டேன். எங்கள் தெருமுனையில் ஒரு வடிகாலைத் தோண்டி மூன்றாண்டாகத் திறந்தே வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் தெருவே வடிகாலாகிவிடுகிறது. மதிப்பீடு எவ்வளவு, எத்தனை முறை திருத்தப்பட்டது, முடிக்க வேண்டிய நாள் எது என்று மூன்றே கேள்விகள். உரிய அலுவலகத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதமாயிற்று. முப்பது நாளில் வரவேண்டிய பதில் எழுபது நாளில் வந்தது. சம்பந்தப்பட்ட கோப்பு தேடப்பட்டு வருகிறது என்று ஒரே வரி. கீழே முத்திரை, கையொப்பம் படிக்கும்படியாக இல்லை.

மேல்முறையீடு செய்திருக்கிறேன். விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்திருக்கிறது. மூன்றாம் மாடி, காலை பதினொரு மணி. மின்தூக்கி வேலை செய்வதில்லை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பத்தரைக்கே போய்விடலாமென்று இருக்கிறேன்.